வெளியேறு

பரமேஸ்வராச் சந்தியில் இருந்து நாலாவது கடை.
மூண்டு கொம்பியூட்டர், இரண்டுதான் வேலை செய்யும்.
ஒரு பக்கம் பத்து ரூபா, கலர் எண்டால் நாப்பது.

பின்னேரம் விரிவுரை முடிஞ்சு வருவினம்.
'அண்ணை, கெதியா ஒரு பிறின்ற்' எண்டு
பாஸ்வேட்டைச் சத்தமாய்ச் சொல்லுவினம்,
வரிசையில் நிக்கிற ஏழு பேருக்கும் கேக்க.
நாய்க்குட்டியின்ர பேர், பிறந்த வருசம்,
விட்டிட்டுப் போனவளின்ர பேரும்
ஒண்டு இரண்டு மூண்டும்.
ஒருத்தன் தலையைச் சொறிஞ்சான்:
'மறந்துபோனன் அண்ணை,
போன கிழமை நீங்கள்தானே அடிச்சனீங்கள்?'
எனக்கு ஞாபகம் இருந்தது.
அதுதான் பயம்.

எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிப்போட்டு
டவுன்லோட் போல்டரைத் திறப்பன்.
அடையாள அட்டை, முன்பக்கமும் பின்பக்கமும்.
வங்கிப் புத்தகம். மனநல வைத்தியரின்ர துண்டு.
'கடைசி' எண்டும் 'கடைசியிலும் கடைசி' எண்டும்
பேர் வைச்ச ஒரே ஆய்வறிக்கை.
ஒரு சாதகம், எட்டில் செவ்வாய்.

என்ர அப்பா இப்பவும் ஒரு சந்தியைக் கண்டால்
சேட்டுப் பொக்கற்றைத் தொட்டுப் பாப்பார்,
ஐசி கிடக்கோ எண்டு.
கேட்டவைக்குத்தான் காட்டினவர், அதுவும் கை நடுங்க.
இங்கை ஒருதரும் கேக்கேல்லை.
மேசையில வைச்சிட்டுப் போயிருக்கினம்.
எல்லாத்தையும் அழிப்பன்.
பிறகு குப்பைக்கூடையையும்.

அண்டைக்கு மழை.
இரண்டாவது மிசினில் ஒரு வட்ஸ்அப்
மூடாமல் கிடந்தது. அபிசாயினி, கலைப்பீடம்,
கலட்டியில் ரூம் எடுத்திருக்கிற முல்லைத்தீவுப் பிள்ளை.
'வெளியேறு' எண்ட சொல்லுக்கு மேல அம்பை வைச்சன்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை வாசிக்க
ஒரு கணம் கூடப் பிடிக்கும்.

அந்தக் கணத்துக்குள்ளை வந்தது,
ரொறன்ரோ சித்தப்பாவின்ர பேரில்:
'அன்பே, தவறுதலாக ஒரு ஆறு இலக்க எண்ணை
உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.
தயவுசெய்து அதைத் திருப்பி அனுப்பவும்.'

எந்தச் சித்தப்பா பெறாமகளை அன்பே எண்டுறார்?
மேல ஏத்திப் பாத்தன். போன மாசம் எழுதியிருந்தார்:
'பிள்ளை சாப்பிட்டியே. காசு போட்டனான்.
கொம்மாக்குச் சொல்லாதை.'

கீழை, அவள் எங்கேயோ இருந்து போனில்:
'பொறுங்கோ சித்தப்பா, பாத்துச் சொல்லுறன்.'

நம்பரைத் தேடி எடுத்துக் கதைக்க நேரமில்லை.
என்ர கையில் இருந்தது அவளின்ர வாய்தான்.
அடிச்சன்:
'அனுப்பாதை. அது சித்தப்பா இல்லை.'
அவளின்ர பேரில், அவளின்ர பச்சைக் கட்டத்துக்குள்ளை
அவள் எழுதாத நாலு சொல்.
இரண்டு கோடும் நீலமாச்சு. கள்ளனும் வாசிச்சிட்டான்.
பிறகுதான் வெளியேறினன்.

அடுத்தநாள் விடிய, கடை திறக்க முதலே
ஈரக் குடையோடை நிண்டாள்.
'என்ர போனுக்குள்ளை ஆரோ இருக்கினம்.'
கை நடுங்கினது கள்ளனுக்கு இல்லை,
அந்த நாலு சொல்லுக்கு.

'நான்தான்' எண்டன்.
நடந்ததைச் சொன்னன். கனநேரம் என்னையே பாத்தாள்.
நன்றி சொல்லப்போறாள் எண்டு நினைச்சன்.

'எவ்வளவு வாசிச்சனீங்கள்?'

'அது மட்டும்தான்.'

கொம்மாக்குச் சொல்லாதை எண்ட வரி
என்ர நெத்தியில் எழுதிக் கிடந்ததோ தெரியாது.
கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.
கடைக்குள்ளை குடையை விரிச்சு
அதுக்குப் பின்னால இருந்து
போனுக்குப் புது இலக்கம் போட்டாள்.
நான் றோட்டைப் பாத்தன்.
ஒரு ஓட்டோ வெள்ளத்தைக் கிழிச்சுக்கொண்டு போனது.

எழும்பிப் போகேக்கை
பத்து ரூபாக் குத்தி ஒண்டை மேசையில் வைச்சாள்.
ஒண்டும் பிறின்ற் எடுக்கேல்லை.